மருந்து ஏற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கும் முன் ஓர் இளைஞரிடம் என்னென்னவோ கேட்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா, காப்பீட்டு அட்டை கொண்டுவந்தீர்களா, ரேஷன் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா, ரத்தம் கொடுக்க ஆள் இருக்கிறார்களா. ஒரு கேள்வி மட்டும் பல இடங்களில் விட்டுப்போகிறது: 'பின்னால் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?' கேட்க ஒரு நிமிடம் போதும். 'உண்டு' என்று பதில் வந்தால் விந்தைச் சேமித்து வைப்பது ஒரு நாள், மிஞ்சினால் நான்கைந்து நாள் வேலை. முதல் பாட்டில் மருந்து உடம்பில் இறங்கிவிட்டால், அந்த வேலையை அவ்வளவு எளிதாகச் செய்யும் வாய்ப்பு போய்விடும்.

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம் பக்கமிருந்து பெரிய சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்கள் பலரும் இங்குதான் ரயில் ஏறுகிறார்கள். வேலூர் சிஎம்சிக்குப் போகிறவர்கள் காட்பாடியில் இறங்குவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்து விடியும் முன் சென்னை சேர்வார்கள். கையில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை, மடியில் பிளாஸ்டிக் ஃபைல், துணைக்கு அப்பாவோ அண்ணனோ. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ரயில்வே முழுக் கட்டணச் சலுகை தருகிறது. துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. நோயாளியின் ரயில் டிக்கெட் வரை யோசித்து வைத்திருக்கிறோம். அவர் பிழைத்து வந்து நாற்பது, ஐம்பது ஆண்டு வாழப்போகிறாரே, அந்த வாழ்க்கைக்கான இந்தக் கேள்விக்கு மட்டும் இடமில்லாமல் போனது ஏன்?

வீடுகளில் 'மருந்து ஏத்துறது', 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அழிப்பவை. புற்றுநோய்ச் செல் மட்டுமல்ல, மயிர்க்கால், குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகுபவைதான். விரைக்குள் உயிரணுக்களை உண்டாக்கும் செல்களும் அப்படியே. முடி கொட்டுவதை ஊரே பார்க்கிறது. விரைக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஓர் உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதை உண்டாக்கும் மூலச் செல்கள் தப்பித்துவிட்டால், சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டில் உற்பத்தி மெல்லத் திரும்பும். மூலச் செல்களே அழிந்துபோனால் திரும்பாது.

எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்தது இது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது வயதுக்காரர்களை அதிகம் பிடிக்கும் நிணநீர்ப் புற்று. 1960-களில் வந்த 'மாப்' என்ற நான்கு மருந்துக் கூட்டு அந்நோயைக் குணப்படுத்தியது. ஆனால், அதை முழுமையாக எடுத்துக்கொண்ட ஆண்களில் மிகப் பெரும்பாலோரின் விந்தில் உயிரணுவே இல்லாமல் போனது. பிறகு இத்தாலியின் மிலான் நகரில் உருவான 'ஏபிவிடி' கூட்டு வந்தபோது பெரும்பாலானவர்களுக்கு உயிரணு திரும்பியது. நோய் ஒன்றே, மருந்து மாறியதும் எதிர்காலமே மாறிவிட்டது. சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்ஃபான் போன்றவை அதிக அளவில் போனால் ஆபத்து அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் கடுமையான சிகிச்சையும் அப்படித்தான். கதிர்வீச்சு விரைமேல் நேரடியாகப் பட்டால் சிறிய அளவே போதும், உற்பத்தி நிற்க. அடிவயிற்றில் நிணநீர்க் கணுக்களை எடுக்கும் அறுவையில் நரம்பு பாதிக்கப்பட்டால், உயிரணு இருந்தும் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். இவற்றில் எது தன் மகனுக்கு, தன் கணவனுக்குப் பொருந்தும் என்பதை நோயாளியின் வீட்டார் தாமாக அறிந்துகொள்ள வழியில்லை. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உயிரணுவை உண்டாக்கும் செல்களும் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் வேறுவேறு. இரண்டாவது வகை உறுதியானது. பெரும்பாலான சிகிச்சைகளைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே மருந்து ஏற்றிக்கொண்டவர் பிறகு தாடி மீசையோடு, தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். விந்தில் மட்டும் ஓர் உயிரணு இருக்காது. 'ஆம்பளை நல்லாத்தானே இருக்கான்' என்று ஊர் முடிவுகட்டிவிடும். பிறகு பழி எங்கே போகும் என்பதை நம் ஊர்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தையில்லாத தம்பதியை உறவும் ஊரும் என்ன பாடுபடுத்தும் என்பதைத் திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலாக 2010-இல் எழுதினார். கதை நடப்பது சுதந்திரத்துக்கு முந்தைய காலம். இன்றும் மருமகளைத்தான் முதலில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒரு குப்பியில் மாதிரி கொடுத்தால் முடிந்துவிடும் விந்துப் பரிசோதனைக்கு மகனை அனுப்பக் கடைசிவரை மனம் வருவதில்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது என்று மருத்துவம் சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது.

இதில் புற்றுநோய் மறைக்கப்படும்போது அநியாயம் இரட்டிப்பாகிறது. பெண் பார்க்கும்போது மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில் ரத்தப் புற்று வந்து குணமானதைச் சொல்வதில்லை. சொன்னால் பெண் கிடைக்காது என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு. அந்தப் பெண் ஐந்தாறு ஆண்டு கோயில் கோயிலாக விரதமிருந்து, ஊசி போட்டுக்கொண்டு, மாமியார் பேச்சும் கேட்டுச் சுமப்பது அவளுடைய குறையை அல்ல. வீட்டார் வாய்திறக்காத ஒரு மருத்துவக் குறிப்பை. குணமானவர்களில் பலருக்குக் குழந்தை பிறக்கிறது என்பதால் மறைப்பதற்குக் காரணமும் இல்லை.

பிறக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை நினைத்துப் பார்க்கலாம். 2011 மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் நடுவே வாந்தி எடுத்துக்கொண்டே 113 ரன் அடித்தார். இரு நுரையீரல்களுக்கும் நடுவே வளர்ந்துகொண்டிருந்த கட்டி அப்போது அவருக்கே தெரியாது. அது கருவணுச் செல்களிலிருந்து வரும் வகைப் புற்று. 2012-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பவும் மட்டை பிடித்தார். 2016-இல் திருமணம், 2022 ஜனவரியில் மகன், 2023-இல் மகள். அவர்களது வீட்டு அந்தரங்கம் நமக்கு வேண்டாம். புற்றுநோய்க்குப் பின் அப்பாவாவது நடக்கக்கூடியது என்பது மட்டும் நமக்குப் போதும்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இந்த விஷயத்தை மறைக்காமல் பேசினார். ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்களை எல்லாம் இழந்தவர்தான். இதில் அவர் சொன்னது பலருக்கு உதவியது. 1996-இல் விரைப் புற்று நுரையீரல், மூளை வரை பரவிய நிலையில், கீமோ தொடங்கும் முன் விந்து வங்கிக்குப் போய் மாதிரியைச் சேமித்தார். 1999-இல் பிறந்த முதல் மகன் அந்தச் சேமிப்பிலிருந்து வந்தவன். பத்தாண்டு கழித்து 2009-இல் இன்னொரு மகன் இயற்கையாகவே பிறந்தான். உடம்பு மீண்டு வரலாம், வராமலும் போகலாம். யாருக்கு வரும் என்று முதல் நாளே சொல்ல முடியாததால்தான் சேமிப்பு தேவைப்படுகிறது.

இந்தச் சேமிப்பு என்றதும் ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைத்துவிட வேண்டாம். சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு இது நன்றாகப் பழகிய விஷயம். மாடு பருவத்துக்கு வந்தால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போகிறோம். மருத்துவர் ஒரு கேனின் மூடியைத் திறக்கிறார், வெண்புகை வழிகிறது, உள்ளேயிருந்து மெல்லிய குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சினை ஊசி போடுகிறார். அந்தப் புகை திரவ நைட்ரஜன்; குச்சியில் இருப்பது உறைவிந்து. ஊட்டி உறைவிந்து நிலையத்தின் காளையைக் கண்ணால் பார்க்காமலேயே நம் ஊர்த் தொழுவத்தில் கன்று பிறக்கிறது.

இதன் தொடக்கம் கோழி வளர்க்கும் நாமக்கல்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1949-இல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் உறையவைத்து உயிரோடு மீட்டது சேவலின் விந்தணுக்களை. புட்டியில் லேபிள் மாறிப்போய், சர்க்கரைக் கரைசலுக்குப் பதில் கிளிசரின் கலந்த கரைசலைச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தவறுதான் அணுக்களைக் குளிரிலிருந்து காப்பாற்றியது. கோழியில் தொடங்கி மாட்டுக்குப் போய், 1953-இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து உறைந்த மனித விந்தால் கருத்தரித்த செய்தி வந்தது. இதற்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காளையின் விந்தைப் பல பத்தாண்டுகளாகக் கிராமத்து மருந்தகத்தில் பாதுகாக்கும் நாம், கீமோவுக்குப் போகும் இளைஞனின் விந்தைப் பாதுகாக்க ஒரு கேனை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்முறை இதுதான். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, தனி அறையில் நோயாளி தானாகவே எடுத்துக் கிருமியில்லாத குப்பியில் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் வைத்திருந்தால் விந்து நீர்த்துவிடும். ஆய்வகத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து எத்தனை அணுக்கள், எத்தனை நீந்துகின்றன என்று பார்ப்பார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனையும் நடக்கும். பிறகு கிளிசரின் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சிறு குழாய்களில் பிரித்து, பெயரும் எண்ணும் எழுதி, நைட்ரஜன் ஆவியில் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரியில் மூழ்கவிடுவார்கள். உருக்கும்போது பாதியளவு அணுக்கள் செத்துவிடலாம். அதனால்தான் முடிந்தால் இரண்டு மூன்று மாதிரிகள் கேட்கிறார்கள். கடும் ரத்தப் புற்றில் நாளையே மருந்து தொடங்க வேண்டுமென்றால் ஒரே மாதிரியும் வீணில்லை. 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் ஒற்றை உயிரணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறக்கச் செய்தபின், கோடிக்கணக்கில் அணுக்கள் வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. நோயின் காரணமாகவே சிலருக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும், அவர்களும் சேமிக்கலாம்.

செலவு, தொடக்கத்தில் சில ஆயிரம் ரூபாய், பிறகு ஆண்டுதோறும் வைப்புக் கட்டணம். புற்றுநோய் மருந்துக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் சிறு தொகை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போனால் கருத்தரிப்பு மைய போர்டுகள் கண்ணில் படுகின்றன. ஆக வசதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. புற்றுநோய்ப் பிரிவுக்கும் அந்த மையங்களுக்கும் நடுவே ஒரு சீட்டு எழுதித் தரும் ஆள்தான் இல்லை.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு மருத்துவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் அவசரம். வீட்டார் பக்கமும் 'உசுரு பொழச்சா போதும், புள்ள குட்டியப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்' என்பதே முதல் பேச்சு. அதைச் சொல்லும் தாயை யார் குறை சொல்ல முடியும்? ஆனால், 'அப்புறம்' என்பதற்கு இந்த விஷயத்தில் இடமில்லை. அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டு, குழந்தை பெறும் வயதிலுள்ள ஒவ்வொருவரிடமும் சிகிச்சைக்கு முன் இதைப் பேச வேண்டும் என்றது.

கூச்சம் பெரிய தடை. பதினாறு வயதுப் பையனிடம், அம்மா பக்கத்தில் நிற்க, இதை எப்படிப் பேசுவது? அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஓர் ஆண் செவிலியரோ ஆலோசகரோ ஐந்து நிமிடம் நேராகப் பேசினால் பையன் புரிந்துகொள்வான். தன்னைப் பிழைத்து வாழப்போகிற ஆளாக ஒருவர் பார்க்கிறார் என்பதே அவனுக்குத் தெம்பு. வலியாலோ பதற்றத்தாலோ மாதிரி கொடுக்க முடியாவிட்டால் ஊசிமூலம் எடுக்கவும் வழி உண்டு. பருவமடையாத சிறுவர்களுக்குத்தான் இன்று உறுதியான வழி இல்லை. விரைத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. குரங்கில் அப்படி உறையவைத்த திசுவிலிருந்து குட்டி பிறந்ததை 2019-இல் அறிவித்தார்கள்.

சேமித்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் திரும்ப வந்து அதைப் பயன்படுத்துகிறார்கள், பிறகு எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. மற்றவர்களில் பலருக்கு இயற்கையாகவே குழந்தை பிறந்துவிடுகிறது என்பது நல்ல செய்திதானே! யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத எல்லாவற்றுக்கும் நாம் இப்படித்தான் ஏற்பாடு செய்கிறோம். சேமிக்காமல் சிகிச்சை முடித்தவர்களும் கதவு அடைபட்டதாக நினைக்க வேண்டியதில்லை. நுண்ணோக்கி வைத்து விரைத் திசுவில் தேடும் அறுவையில், கீமோவுக்குப் பின் விந்தில் உயிரணு இல்லாதவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு அணு கிடைத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அது செலவு பிடிக்கும், வேதனையும் உண்டு.

அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் சட்டம். டெல்லியில் ஓர் இளைஞர் 2020 ஜூனில் நிணநீர்ப் புற்று சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்தார். திருமணமாகாதவர். செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார். பெற்றோர் அந்த மாதிரியைக் கேட்டபோது, தருவதற்குச் சட்டத்தில் வழியில்லை என்றது மருத்துவமனை. மகன் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 4 அன்றுதான் டெல்லி உயர் நீதிமன்றம் அதைப் பெற்றோரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. இதற்கு முன் 2021 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு இதேபோல் வந்த ஒரு தந்தையின் மனு தள்ளுபடியானது. அங்கே மகன் திருமணமானவர், உரிமை மனைவிக்கே என்றது நீதிமன்றம். இறந்த மகனின் குழந்தையை வளர்ப்பது சரியா என்பதில் நியாயமான இரு கருத்துகள் இருக்கலாம். அந்த முடிவு சேமித்தவருடையதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், இறப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை எழுத்துமூலம் ஒப்புதல் வாங்காமல் உறையவைக்கக் கூடாது என்கிறது. படிவத்தில் அந்த இடத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

அரசு செய்யக்கூடியது எளிது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைத் தொகுப்பின் முதல் வரியாக விந்துச் சேமிப்பைச் சேர்த்தால் கருவூலத்துக்குப் பெரிய சுமை ஏறாது. ஜெர்மனியில் 2021 முதல் பொதுக் காப்பீடு இதற்குப் பணம் தருகிறது. ஜப்பானில் அதே ஆண்டு முதல் இளம் நோயாளிகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு விந்து வங்கி வந்தால், 2022-இல் தொடங்கிய நாமக்கல் மருத்துவக் கல்லூரிக்கும் அது பயன்படும். சேமிப்புக் காலத்தையும் தெளிவாக்க வேண்டும். நம் சட்டத்தில் கொடையாளரின் அணுக்களுக்கும் கருவுக்கும் பத்தாண்டுக் கெடு இருக்கிறது. பதினேழு வயதில் தனக்காகச் சேமிக்கும் பையனுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. பிரிட்டனில் 2022 முதல் 55 ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம்.

இரத்த வழியில் மட்டும்தான் அப்பாவாக முடியும் என்று நான் சொல்லவரவில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே இந்தச் சேலத்தில்தான். அப்படி வந்த குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர்கள் எல்லாம் அப்பாக்கள்தான். ஆனால், 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறை, பெற்றோராக விரும்புகிறவருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்கிறது. பத்தாண்டுக்கு முன் குணமான ஒருவரைக் 'கேன்சர்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒதுக்கிவிடாமல், அவரது இன்றைய உடல்நிலையைப் பார்த்துச் சான்று எழுதும் தெளிவு மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அடுத்த வாரம் மருந்து தொடங்குகிறது என்றால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். 'இந்த மருந்தால் குழந்தைப் பேறு பாதிக்குமா? சேமிக்க எத்தனை நாள் அவகாசம் தர முடியும்? எங்கே போகட்டும்?' என்று நீங்களே கேளுங்கள். சிகிச்சை விவரம் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு கருத்தரிப்பு மையத்துக்குப் போங்கள். அது பதிவு பெற்ற மையமா, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று விசாரியுங்கள். ஒப்புதல் படிவத்தை நோயாளியே முழுதும் படித்துக் கையெழுத்திடட்டும். ரசீதையும் மாதிரி எண்ணையும் பயாப்சி அறிக்கை இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். மருந்து ஏறும் காலத்திலும் முடிந்து குறைந்தது ஓராண்டுக்கும், மருத்துவர் சொல்லும்வரை, கருத்தடை அவசியம். ஓரிரு ஆண்டு கழித்து விந்துப் பரிசோதனை செய்து பார்த்து, இயற்கையாகவே உயிரணு திரும்பியிருந்தால், சேமித்ததை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.